மூன்று சாம்பல் படங்களிலிருந்து ஒரு வண்ணப் படம்: இமேஜ்மேஜிக்கில் சேனல்களை இணைக்க முழுமையான வழிகாட்டி

திரையில் தெரியும் வண்ணப் படம் ஒவ்வொன்றும் உள்ளே மூன்று சாம்பல் படங்கள்தான். சிவப்பு சேனல் என்று ஒன்றைத் தனியே பிரித்துத் திறந்தால் அதில் சிவப்பே இருக்காது. பிக்சலுக்கு ஓர் எண், 8 பிட் என்றால் 0 முதல் 255 வரை, அவ்வளவே. அந்த எண்களைத் திரையின் சிவப்பு விளக்குக்கு அனுப்புவதா, நீல விளக்குக்கு அனுப்புவதா என்பதைத் தீர்மானிப்பது அடுக்கின் வரிசை.

இந்த யோசனை கணினியைவிட ஏறக்குறைய நூறு வருஷம் மூத்தது. 1861-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதைச் செய்து காட்டினார். தாமஸ் சட்டன் ஒரு கட்டம்போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியாகத் தனித்தனியே படம்பிடித்திருந்தார். அந்தக் கருப்புவெள்ளைப் படங்களை அதே நிற ஃபில்டர்கள் வழியாகத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தபோது ரிப்பன் வண்ணத்தில் தெரிந்தது. நாம் இன்று டெர்மினலில் ஒரு வரியில் செய்யப்போவதும் அதே வேலைதான்.

ஃபோட்டோஷாப், கிம்ப் போன்றவற்றிலும் சேனல்களை இணைக்கலாம். ஆனால் நூறு படங்களுக்கு ஒரே வேலையைச் செய்யவேண்டும், என்ன செய்தோம் என்பது எழுத்தில் பதிவாகி இருக்கவேண்டும் என்றால் கட்டளை வரிக்கு ஈடில்லை. அதற்கு நான் தேர்ந்தெடுப்பது இமேஜ்மேஜிக். 1990-ல் ஜான் கிறிஸ்டி வெளியிட்ட இலவசக் கருவி. இன்றுவரை தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது.

தொடங்கும் முன்

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவேண்டும். மேஜிக் என்ற கட்டளையின் கடைசியில் சி, கே இரண்டும் வரும். கலர்ஸ்பேஸ் என்பதில் அமெரிக்க எழுத்துமுறை, யு கிடையாது. அளவுகளில் × என்று நான் போடும் இடத்தில் சிறிய எக்ஸ் எழுத்து. கோப்புகளுக்கு இடைவெளி இல்லாத எளிய பெயர்களாக வையுங்கள்; பாதித் தொந்தரவு அதிலேயே போய்விடும்.

நிறுவியபின் பதிப்பைப் பாருங்கள்:

மேஜிக் -வெர்ஷன்

பதிப்பு 7 என்றால் நல்லது. அந்தக் கட்டளையே இல்லை என்று டெர்மினல் சொன்னால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பதிப்பு 6; சற்றுப் பழைய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. அங்கே மேஜிக் என்பதற்குப் பதிலாக கன்வர்ட் என்று தட்டவேண்டும்; மேஜிக் ஐடென்டிஃபை, மேஜிக் கம்பேர் என்று வரும் இடங்களில் மட்டும் மேஜிக்கை விட்டுவிட்டு ஐடென்டிஃபை, கம்பேர் என்றே தொடங்கவேண்டும். விண்டோஸில் மட்டும் கன்வர்ட் என்ற பெயரில் வட்டின் கோப்பு முறையை மாற்றும் வேறொரு கட்டளை ஏற்கெனவே உண்டு. ஆகவே விண்டோஸ்காரர்கள் பதிப்பு 7-ஐ நிறுவி மேஜிக் என்றே பழகிக்கொள்ளுங்கள்.

படி 1: கையில் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இணைப்பதற்கு முன் மூன்று கோப்புகளையும் விசாரித்துவிடுங்கள்:

மேஜிக் ஐடென்டிஃபை சிவப்பு.டிஃப் பச்சை.டிஃப் நீலம்.டிஃப்

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். அதில் அகலம்-உயரம், 8 பிட்டா 16 பிட்டா, கிரேயா (ஒற்றைச் சாம்பல் சேனல்) எஸ்ஆர்ஜிபியா (வழக்கமான மூன்று சேனல் வண்ணம்) என்ற மூன்றையும் பாருங்கள். மூன்று கோப்பிலும் இவை ஒன்றாக இருக்கவேண்டும். அளவு ஒரு பிக்சல் மாறினாலும் இணைப்பு சரிவராது.

பார்வைக்குச் சாம்பலாக இருக்கும் கோப்பு உள்ளே மூன்று சேனலோடு எஸ்ஆர்ஜிபி என்று பதிவாகி இருப்பது சகஜம். அதை அப்படியே கொடுக்காமல் முதலில் ஒற்றைச் சேனலாக்கிவிடுங்கள்:

மேஜிக் பழையது.பிஎன்ஜி -கலர்ஸ்பேஸ் கிரே புதியது.பிஎன்ஜி

மூன்று சேனலிலும் ஒரே எண் இருக்கும் படத்தில் இந்த மாற்றம் மதிப்புகளைக் கெடுக்காது.

படி 2: இணைத்தல்

மேஜிக் சிவப்பு.டிஃப் பச்சை.டிஃப் நீலம்.டிஃப் -கம்பைன் வண்ணம்.டிஃப்

முதல் கோப்பு சிவப்புக்கு, இரண்டாவது பச்சைக்கு, மூன்றாவது நீலத்துக்குப் போகும். கோப்பின் பெயரைக் கருவி பொருட்படுத்துவதில்லை. நீலம் என்று பெயரிட்ட கோப்பை முதலில் வைத்தால் அது சிவப்பு சேனலாகத்தான் உட்காரும். எந்த எச்சரிக்கையும் வராது. வரிசை முழுக்க நம் பொறுப்பு.

சிவப்பும் நீலமும் இடம் மாறியிருந்தால் கண்டுபிடிப்பது எளிது. மனிதத் தோல் நீலம் பாயும், வானம் ஆரஞ்சாகும், இலைகள் மட்டும் ஏறக்குறைய பச்சையாகவே இருக்கும். ஓப்பன்சிவி என்ற நிரல் நூலகம் படங்களை நீலம்-பச்சை-சிவப்பு வரிசையில் வைத்துக்கொள்வதால், அதிலிருந்து வரும் படங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். திருத்த:

மேஜிக் தவறு.பிஎன்ஜி -ஆல்ஃபா ஆஃப் -செபரேட் -ஸ்வாப் 0,2 -கம்பைன் சரி.பிஎன்ஜி

-செபரேட் படத்தை மூன்று சாம்பல் படங்களாகப் பிரிக்கிறது. எண்ணிக்கை 0-ல் தொடங்குவதால் 0 என்பது முதலாவது, 2 என்பது மூன்றாவது. அவை இரண்டும் இடம் மாறியபின் மறுபடி ஒட்டுகிறோம். -ஆல்ஃபா ஆஃப் போடாமல் விட்டால் ஒளிபுகு சேனல் நான்காவது படமாக வந்து கணக்கைக் குழப்பக்கூடும்.

படி 3: நிஜமான ஒரு தகட்டில் செய்து பார்ப்போம்

பயிற்சிக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. செர்கெய் புரொகூதின்-கோர்ஸ்கி என்ற ரஷ்யப் புகைப்படக் கலைஞர், இரண்டாம் நிக்கலாஸ் மன்னரின் ஆதரவோடு 1909 முதல் 1915 வரை ரஷ்யப் பேரரசு முழுக்கச் சுற்றிப் படமெடுத்தார். நீளமான ஒரு கண்ணாடித் தகட்டில் மேலிருந்து கீழாக நீல, பச்சை, சிவப்பு ஃபில்டர்கள் வழியே மூன்று படங்கள் அடுத்தடுத்துப் பதிவாகும். அந்தத் தகடுகளை அவர் குடும்பத்தாரிடமிருந்து 1948-ல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வாங்கியது. 1,902 தகடுகளின் ஸ்கேன்கள் இன்று இணையத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன.

தகட்டின் ஸ்கேன் ஒன்றை இறக்கி, ஓரத்துக் கருப்பு விளிம்புகளை வெட்டிவிடுங்கள். பிறகு:

மேஜிக் தகடு.டிஃப் -க்ராப் 1×3@ +ரீபேஜ் -ரிவர்ஸ் -கம்பைன் முதல்வரைவு.டிஃப்

1×3@ என்றால் அகலவாக்கில் ஒரு துண்டு, உயரவாக்கில் சமமான மூன்று துண்டுகள். வெட்டிய ஒவ்வொரு துண்டும் தான் பெரிய படத்தில் எங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும். அதை அழிப்பது +ரீபேஜ். மேலே இருந்தது நீலம், கீழே இருந்தது சிவப்பு. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர் வரிசை, அதற்காகவே -ரிவர்ஸ்.

இங்கே ஒரு பொடி விஷயம் காலை வாரும். படத்தின் உயரம் 3-ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால் துண்டுகளின் உயரம் ஒரு பிக்சல் வித்தியாசப்படும். 3001 உயரமுள்ள ஸ்கேனை முதலிலேயே 3000 ஆக வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேன் நெகடிவாகவே இருந்தால் -கம்பைனுக்கு முன்னால் ஒரு -நெகேட் சேருங்கள்.

வரைவைத் திறந்ததும் நிறம் தெரியும். ஆனால் எல்லா விளிம்பிலும் நிறக் கீற்றுகள் ஓடும். மூன்று படங்களும் பிக்சல் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை என்று அர்த்தம்.

படி 4: ஒன்றன்மேல் ஒன்று பொருத்துதல்

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள்.

எந்தச் சேனல் நகர்ந்திருக்கிறது என்பதைக் கீற்றின் நிறமே சொல்லிவிடும். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வெள்ளைச் சுவர் ஒன்றின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் சயானும் தெரிந்தால் சிவப்பு சேனல் விலகியிருக்கிறது. பச்சையும் மெஜந்தாவும் என்றால் பச்சை. நீலமும் மஞ்சளும் என்றால் நீலம். இரண்டு சேனல்கள் விலகியிருந்தால் கீற்றுகள் கலந்து தெரியும். பொதுவாக நான் பச்சையை அசையாமல் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதற்கு நகர்த்துவேன். பொலிவை நம் கண் பெரும்பாலும் பச்சையிலிருந்துதான் உணர்கிறது. அது கூர்மையாக, கைபடாமல் இருப்பது நல்லது.

எவ்வளவு நகர்த்துவது என்பதைக் கருவியிடமே கேட்கலாம். முதலில் வரைவின் சேனல்களைத் தனித்தனிக் கோப்பாக எடுங்கள்:

மேஜிக் முதல்வரைவு.டிஃப் -செபரேட் சேனல்.பிஎன்ஜி

சேனல்-0, சேனல்-1, சேனல்-2 என்று மூன்று கோப்புகள் வரும். பச்சையிலிருந்து ஒரு சிறு துண்டையும், சிவப்பில் அதே இடத்தைச் சுற்றி நாற்புறமும் 50 பிக்சல் கூடுதலாக ஒரு துண்டையும் வெட்டுங்கள்:

மேஜிக் சேனல்-1.பிஎன்ஜி -க்ராப் 300×300+1500+1200 +ரீபேஜ் -ஆட்டோ-லெவல் துண்டு.பிஎன்ஜி

மேஜிக் சேனல்-0.பிஎன்ஜி -க்ராப் 400×400+1450+1150 +ரீபேஜ் -ஆட்டோ-லெவல் களம்.பிஎன்ஜி

மேஜிக் கம்பேர் -மெட்ரிக் ஆர்எம்எஸ்இ -சப்இமேஜ்-சர்ச் களம்.பிஎன்ஜி துண்டு.பிஎன்ஜி நல்:

கடைசியில் உள்ள நல்: ஒரு கோப்பின் பெயர் அல்ல; ஒப்பீட்டுப் படத்தைச் சேமிக்கவேண்டாம் என்று சொல்வது. வெட்டும் இடத்தின் எண்களை உங்கள் படத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். பதிலின் கடைசியில் @ குறிக்கு அப்புறம் இரண்டு எண்கள் வரும். 50,50 என்று வந்தால் இரண்டும் பொருந்தியே இருக்கின்றன. 47,57 என்று வந்தால் சிவப்பு 3 பிக்சல் இடப்பக்கமும் 7 பிக்சல் கீழேயும் தள்ளியிருக்கிறது. அப்படியானால் 3 வலப்பக்கமும் 7 மேலேயும் நகர்த்தவேண்டும். நீலத்துக்கும் இதேபோல் தேடுங்கள். தேடல் மெதுவாகத்தான் நடக்கும். முழுப் படத்தைக் கொடுத்துவிட்டால் வெகுநேரம் காத்திருக்க நேரும்.

துண்டு எந்த இடத்தில் எடுக்கிறோம் என்பது முக்கியம். கல் கட்டடம், ஜன்னல் சட்டம் போன்று மூன்று சேனலிலும் ஒரேமாதிரி தெரியும் வெள்ளை, சாம்பல் பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். பளிச்சென்ற சிவப்பு உடை சிவப்பு சேனலில் வெளிறியும் பச்சையில் கறுத்தும் இருக்கும். அங்கே தேடினால் விடை பிசகும்.

கிடைத்த எண்களை வைத்து:

மேஜிக் \( சேனல்-0.பிஎன்ஜி -ரோல் +3-7 \) சேனல்-1.பிஎன்ஜி \( சேனல்-2.பிஎன்ஜி -ரோல் -2+5 \) -கம்பைன் -ஷேவ் 40×40 பொருந்தியது.டிஃப்

-ரோலில் கூட்டல் குறி வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும், கழித்தல் குறி இடப்பக்கமும் மேல்பக்கமும் நகர்த்தும். நகர்ந்ததும் ஒரு ஓரத்தில் வெளியே போனது எதிர் ஓரத்தில் உள்ளே வந்துவிடும். அந்த ஓரங்களைச் சீவி எறியத்தான் -ஷேவ். அடைப்புக்குறிகளின் இருபுறமும் இடைவெளி கட்டாயம். முன்னால் உள்ள சாய்கோடுகள் லினக்ஸ், மேக் டெர்மினலுக்கு மட்டும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் அவை வேண்டாம். பவர்ஷெல்லில் அடைப்புக்குறியை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்.

அரை பிக்சல் நகர்த்தவேண்டும், அல்லது படம் சற்றே சுழன்றிருக்கிறது என்றால் -ரோல் போதாது. அதற்கு -டிஸ்டார்ட் எஸ்ஆர்டி இருக்கிறது:

-டிஸ்டார்ட் எஸ்ஆர்டி '0,0 1 0.2 3.5,-7'

மூல இடம், பெருக்கம், சுழற்சிக் கோணம், புதிய இடம் என்று வரிசையாகப் படியுங்கள்.

எவ்வளவு பொருத்தினாலும் சில இடங்களில் நிறக் கீற்று நிற்கும். மூன்று படங்களும் ஒரே நொடியில் எடுக்கப்பட்டவை அல்ல. இடையில் ஆற்றில் அலை நகர்ந்திருக்கும், யாராவது தலையைத் திருப்பியிருப்பார்கள். நீர்ப்பரப்பில் தெரியும் அந்த வானவில் சிதறல் காலம் நகர்ந்ததன் தடம். அதைச் சரிசெய்யப் போய் மற்ற இடங்களைக் குலைக்காதீர்கள்.

படி 5: நிறச் சமநிலை

மூன்று சாம்பல் படங்களின் ஒளி அளவும் ஒரேமாதிரி இருக்காது, அதனால் முழுப் படமும் ஒரு நிறம் பக்கம் சாயும். -கம்பைனுக்கு முன்னால் -ஆட்டோ-லெவல் சேர்த்தால் ஒவ்வொரு படமும் தனித்தனியே கருப்பிலிருந்து வெள்ளைவரை விரியும். பழைய தகடுகளுக்கு இது பெரும்பாலும் போதும்.

ஆனால் அளவீட்டுக்கு எடுத்த படங்களில் இப்படிச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தனித்தனியே விரித்தால் சேனல்களுக்கு இடையிலான விகிதம் மாறிவிடும். நிறம் அழகாகும், உண்மை போய்விடும். அங்கே மூன்றுக்கும் ஒரே -லெவல் எண்களைக் கொடுங்கள்.

செயற்கைக்கோள் படங்கள் இதற்குச் சரியான உதாரணம். 2013-ல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் ஒவ்வோர் ஒளிப்பட்டையையும் பேண்ட் என்ற தனிச் சாம்பல் படமாகத் தருகிறது; அதில் பேண்ட் 4 சிவப்பு, 3 பச்சை, 2 நீலம். இயல்பான வண்ணத்துக்கு 4, 3, 2 என்ற வரிசையில் இணைக்கவேண்டும். 5, 4, 3 என்று இணைத்தால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி சிவப்பாகத் தெரியும். செழிப்பான தாவரங்கள் அதை மிகுதியாகப் பிரதிபலிப்பதால் காடும் வயலும் சிவந்து நிற்கும். பேண்டுகள் 16 பிட் கோப்புகளாக வருகின்றன. மதிப்புகள் பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலேயே இருப்பதால் இணைத்த படம் முதலில் ஏறக்குறையக் கருப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம்:

மேஜிக் பி4.டிஃப் பி3.டிஃப் பி2.டிஃப் -கம்பைன் -லெவல் 9%,30% பூமி.டிஃப்

9, 30 என்பவை உதாரணம்தான். படத்துக்குப் படம் மாறும். தானியங்கி விரிப்பு இங்கே தடுமாறும், ஏனென்றால் படத்தைச் சுற்றியுள்ள தரவில்லாத ஓரம் முழுக்க 0. இன்னொன்று: புவியிடத் தகவல்களை இமேஜ்மேஜிக் காப்பாற்றாது. வரைபடத்தில் ஏற்றவேண்டிய படம் என்றால் புவியிடப் படங்களுக்கான ஜிடால் கருவிகளைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவு பெரிய கோப்புகளில் கேஷ் வளம் தீர்ந்தது என்ற பிழை வரலாம். கணினியில் நினைவகம் இருந்தும் இது வருகிறது என்றால், இமேஜ்மேஜிக்கின் பாலிசி.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் வரம்பு குறைவாக இருக்கும். மேஜிக் -லிஸ்ட் ரிசோர்ஸ் என்று கேட்டால் தற்போதைய வரம்புகள் தெரியும்.

படி 6: நான்காவது சேனல்

ஒரு படத்துக்குத் தனிக் கோப்பிலிருந்து ஒளிபுகு தன்மையைக் கொடுக்க:

மேஜிக் படம்.பிஎன்ஜி முகமூடி.பிஎன்ஜி -ஆல்ஃபா ஆஃப் -கம்போஸ் காப்பிஆல்ஃபா -கம்போசிட் பிஎன்ஜி32:முடிவு.பிஎன்ஜி

முகமூடியில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கருப்பு இருக்கும் இடம் மறையும். பதிப்பு 6-ல் காப்பிஆல்ஃபாவுக்குப் பதில் காப்பிஒபாசிட்டி. முடிவுக் கோப்பின் முன்னால் உள்ள பிஎன்ஜி32: அலங்காரம் அல்ல. தேவையில்லை என்று தனக்குத் தோன்றும் சேனல்களை இமேஜ்மேஜிக் பிஎன்ஜியில் எழுதும்போது குறைத்துவிடும். மூன்று சேனலிலும் ஒரே எண்கள் இருந்தால் ஒற்றைச் சேனல் கோப்பாகச் சேமித்துவிடும். அது கூடாது என்று கட்டளையிடுவதுதான் இந்த முன்னொட்டு. 16 பிட்டுக்கு பிஎன்ஜி64:, ஆல்ஃபா வேண்டாம் என்றால் பிஎன்ஜி24: அல்லது பிஎன்ஜி48:.

நான்கு சாம்பல் படங்களும் தனித்தனியே இருந்தால்:

மேஜிக் சி.பிஎன்ஜி ப.பிஎன்ஜி நீ.பிஎன்ஜி ஆ.பிஎன்ஜி -சேனல் ஆர்ஜிபிஏ -கம்பைன் பிஎன்ஜி32:முடிவு.பிஎன்ஜி

படி 7: நிறமே இல்லாத சேனல்கள்

முப்பரிமாண மாதிரிகளின் மேல் போர்த்தும் படங்களான டெக்ஸ்ச்சர்களில் சேனல் என்பது நிறமே கிடையாது, வெறும் தரவு. முப்பரிமாணக் கோப்புகளுக்கான ஜிஎல்டிஎஃப் 2.0 தரத்தில் ஒக்லூஷன் (இடுக்குகளில் விழும் நிழல்) சிவப்பிலும், ரஃப்னஸ் (சொரசொரப்பு) பச்சையிலும், மெட்டாலிக் (உலோகத் தன்மை) நீலத்திலும் இருக்கும்:

மேஜிக் ஏஓ.பிஎன்ஜி ரஃப்.பிஎன்ஜி மெட்டல்.பிஎன்ஜி -கலர்ஸ்பேஸ் கிரே -ரீசைஸ் '2048×2048!' -கம்பைன் பிஎன்ஜி24:ஓஆர்எம்.பிஎன்ஜி

ஆச்சரியக்குறி விகிதத்தைப் பாராமல் அதே அளவுக்குக் கொண்டுவரும். ஷெல் அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாமல் இருக்க மேற்கோள். கையில் ரஃப்னஸுக்குப் பதில் ஸ்மூத்னஸ் (வழவழப்பு) இருந்தால் அதற்கு மட்டும் அடைப்புக்குள் -நெகேட் போடுங்கள்.

இப்படிப்பட்ட கோப்பை ஜேபெக்கில் சேமிக்கவே கூடாது. ஜேபெக் மூன்று சேனல்களையும் கலந்து, பொலிவு ஒன்றும் நிற வேறுபாடு இரண்டுமாக மாற்றி, நிறப் பகுதியைப் பெரும்பாலும் பாதித் தெளிவுக்குக் குறைத்துச் சுருக்குகிறது. புகைப்படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. தரவுச் சேனல்களிலோ ரஃப்னஸின் கோடுகள் மெட்டாலிக்குக்குள் கசிந்து, உலோகமே இல்லாத இடத்தில் உலோகப் புள்ளிகள் மினுங்கும். பிஎன்ஜி அல்லது இழப்பில்லாத டிஃப், இரண்டில் ஒன்று.

நிறத்தை எண்களாக்கும் முறைக்கு நிறவெளி என்று பெயர். சிவப்பு-பச்சை-நீலம் (ஆர்ஜிபி) அல்லாத நிறவெளிகளிலும் பிரித்து இணைக்கலாம். லேப் நிறவெளியில் பிரித்தால் முதல் சேனல் பொலிவு மட்டும். அதைத் தனியே கூர்மையாக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தால் நிறத்தில் இரைச்சல் ஏறாது:

மேஜிக் படம்.டிஃப் -கலர்ஸ்பேஸ் லேப் -செபரேட் \( -க்ளோன் 0 -அன்ஷார்ப் 0×1 \) -ஸ்வாப் 0,3 +டிலீட் +கம்பைன் லேப் -கலர்ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி கூர்மை.டிஃப்

கூட்டல் குறி போட்ட கம்பைன் பதிப்பு 7-க்கு உரியது. இந்த எண்கள் எந்த நிறவெளியைச் சேர்ந்தவை என்று அதில்தான் சொல்கிறோம்.

படி 8: சரிபார்த்தல்

பார்வைக்குச் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நிறம் தரவாக இருக்கும்போது கண் சாட்சியாகாது. படி 2-ல் இணைத்ததை மறுபடி பிரித்து மூலத்தோடு ஒப்பிடுங்கள்:

மேஜிக் வண்ணம்.டிஃப் -செபரேட் சோதனை.பிஎன்ஜி

மேஜிக் கம்பேர் -மெட்ரிக் ஏஇ சிவப்பு.டிஃப் சோதனை-0.பிஎன்ஜி நல்:

ஏஇ என்பது மாறுபட்ட பிக்சல்களின் எண்ணிக்கை. 0 வந்தால் ஒரு பிக்சல்கூட மாறவில்லை. பெரிய எண் வந்தால் மூன்று இடங்களில் தேடுங்கள். வரிசை மாறியிருக்கலாம், சோதனை-2 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 16 பிட் மூலம் 8 பிட்டாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம், ஐடென்டிஃபை காட்டிக்கொடுக்கும். இரண்டும் இல்லை, படம் முழுக்க ஒரே சீராக வெளிறியோ இருண்டோ இருக்கிறது என்றால் அது காமா பிரச்சினை, அதாவது பொலிவை எண்ணாக்கிய விதத்தில் உள்ள வேறுபாடு. மூலக் கோப்புகளில் ஒன்று நேரியல் சாம்பலாகவும் மற்றவை சாதாரணச் சாம்பலாகவும் பதிவாகியிருக்கும். ஐடென்டிஃபையோடு -வெர்போஸ் சேர்த்து நிறவெளி, காமா வரிகளைப் பாருங்கள். எண்களை மாற்றாமல் பெயர்ச்சீட்டை மட்டும் திருத்த -செட் கலர்ஸ்பேஸ். எண்களையும் கணக்கிட்டு மாற்ற -கலர்ஸ்பேஸ். தரவுக் கோப்புகளுக்கு அநேகமாக எப்போதும் வேண்டியது முதலாவது.

சோதனை-0, 1, 2 மூன்றுக்கும் 0 வந்தபிறகு அதே கட்டளையை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் போட்டு, படங்கள் இருக்கும் அடைவிலேயே சேமித்துவிடுங்கள். அடுத்த தொகுப்புக்கு நகர்வு எண்களையும் கோப்புப் பெயர்களையும் மாற்றி ஓட்டினால் போதும்.